இரண்டு நிலக்கடலையும் உட்கார்ந்திருக்கும் நேரமும்

கீர்த்தனா கண்ணு,

நேற்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்தாய். கைகால் கழுவி, நான் வைத்த தோசையைத் தின்று முடித்து, டப்பாவைத் திறந்து உன் இரண்டு நிலக்கடலையை எடுத்து மென்றாய். வழக்கம்போலப் பாயில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். உட்கார்ந்த கையோடு சொன்னாய்: "ஏம்மா, கல்யாணத்துக்கப்புறம் இத அவங்களுக்குத் தெரியாமத் தின்னுக்கறேன். முடியலீன்னா நிறுத்திக்கறேன். அத்தையும் அதத்தான் சொல்றாங்க."

வாய் திறந்தால் சண்டையில் முடியும் என்று தெரியும். கடலை தின்றவளோடு அந்த நேரத்தில் யாரும் சண்டை போடக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். அதனால் நீ வேலைக்குப் போனபின் இதை எழுதுகிறேன். நீ மறைக்கக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பிரவீன் வீட்டார் முகூர்த்தச் சேலை எடுக்க வரும்போது, நீயே பிரவீனிடம் சொல்லிவிட வேண்டும். சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் ஏன் என்று சொல்ல உன் பிள்ளைக் காலத்தையே சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு ஆசையாகவும் இருக்கிறது.

உனக்கு மடத்துக்குளத்துக் கதை தெரியும், ஆனால் உன் அத்தை சொல்லும் விதமாகத்தான் தெரியும். அப்போது நீ வார்த்தைகளைக் கோக்கப் பழகிக்கொண்டிருந்த குழந்தை. அத்தை தோட்டத்தில் கல்லக்காய் பிடுங்கும் பருவம். நம் பக்கம் நிலக்கடலைக்கு அதுதானே பெயர். வேகவைத்த காயை உரித்து, விரலால் நசுக்கி, அத்தை ஆசையாகத்தான் ஊட்டினாள். கொஞ்ச நேரத்தில் உன் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, தின்றதெல்லாம் வெளியே வந்தது, அப்புறம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பூச்சி கடித்திருக்கும் என்று யாரோ மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தார்கள். உன் அப்பா யாரையும் கேட்கவில்லை. உன்னைத் தூக்கி என் மடியில் போட்டு, மாமாவின் மொபெட்டில் உடுமலைக்குப் பறந்தார். அங்கே ஒரு டாக்டர் ஊசி போட்டுக் காப்பாற்றினார். இனி கடலை ஒரு துளிகூட ஆகாது என்றார்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? வேலைக்குப் போகிற பொம்பளை, பிள்ளைக்கு ஒழுங்காகப் பால் கொடுத்திருக்க மாட்டாள், அதனால்தான் என்றது. ஊரே தின்று வளர்கிற பொருள் ஒரு பிள்ளைக்கு ஆகவில்லை என்றால் அம்மாவின் மேல்தான் குற்றம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயதுகூட இல்லை. ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து டீசர்ட் தைத்துக்கொண்டே அழுவேன். அழுதால் தையல் கோணும், கோணினால் சூப்பர்வைசர் கத்துவான் என்று அழுகையை நிறுத்திக்கொள்வேன்.

அப்புறம் திருப்பூர் ராயபுரத்தில் நம் லைன் வீட்டில் வருசக்கணக்காக நாம் கடலையோடு ஒளிந்து விளையாடினோம். இந்த ஊரில் கடலை இல்லாத இடம் எது? ஹோட்டல் சட்னியில் இருக்கும். கோயில் சுண்டலில் இருக்கும். பள்ளிக்கூடத்து வாசலில் மிட்டாயாக இருக்கும். பஜ்ஜிச் சட்டியில் செக்கு எண்ணெயாகக் கொதிக்கும். பிறந்தநாள் என்று யாராவது கேக் கொடுத்தால் நீ வாங்கி, நன்றி சொல்லி, தின்னாமல் பையில் வைத்து எனக்குக் கொண்டுவருவாய். அந்த நசுங்கிய கேக்கை நான் உன் முன்னால் தின்ன வேண்டும். "நல்லாருக்குதாம்மா?" என்று கேட்பாய். நல்லாயில்லை என்று ஒவ்வொரு தடவையும் பொய் சொன்னேன்.

எட்டாவது படிக்கும்போது ஒரு தோழி கொடுத்த சாக்லேட்டில் கடலை இருந்தது உனக்குத் தெரியவில்லை. மறுபடி ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகுதான் யாரோ சொல்லிக் கோயமுத்தூரில் அந்த அலர்ஜி டாக்டரம்மாவைப் பார்த்தோம். கடலையைக் கொண்டே கடலையைப் பழக்குகிற வைத்தியம் ஒன்று உண்டு என்றார் அவர். கண்ணுக்குத் தெரியாத அளவு நிலக்கடலை மாவில் ஆரம்பித்து, உடம்பைப் பழக்கிக்கொண்டே போவது. இது குணமாக்குகிற வைத்தியம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். தவறிப்போய் ஒரு வாய் தின்றுவிட்டால் உயிர் போகாமல் இருக்க ஒரு வேலி, அவ்வளவுதான் என்றார். வேலி நிற்க வேண்டுமென்றால் தினமும் தின்ன வேண்டும். வேலி இருக்கிறது என்று கடலை மிட்டாய் தின்னப் போகக் கூடாது. வீட்டில் யாராவது தாமாகவே செய்து பார்த்தால் பிள்ளை செத்துப்போகும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அவரை அதனால்தான் பிடித்தது.

உன் அப்பா அப்போது லைன் சூப்பர்வைசர் ஆகியிருந்தார். எதைப் பார்த்தாலும் புரொடக்சன் கணக்குதான். "ஏனுங்க டாக்டரம்மா, அளவ வெரசா ஏத்திக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிருமுங்களா?" என்று கேட்டார். டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "துணி வீணாப் போனா வேற துணி வாங்கிக்கலாங்க" என்று மட்டும் சொன்னார். அடுத்த தடவை போகும்போது அப்பா கம்பெனியில் கழித்துப்போட்ட ஜிஎஸ்எம் தராசை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வட்டமாக வெட்டிய துணியை வைத்து எடை பார்க்கும் சின்னத் தராசு. பஞ்சுத் தூசி ஒட்டியிருந்த அதை மேசையில் வைத்து, நிலக்கடலை மாவை வீட்டிலேயே நிறுத்துக் கொடுக்கலாமுங்களா என்று பெருமையாகக் கேட்டார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். இப்போதைக்கு ஆஸ்பத்திரியில் கட்டிக்கொடுக்கும் பொட்டலம் மட்டும்தான் என்றார். அந்தத் தராசு இன்றைக்கும் நம் பிரிட்ஜின் மேல் இருக்கிறது. உன் அப்பா உனக்காக ஊரிலேயே துல்லியமான பொருளைத் தேடிப்பிடித்தார் என்பது அதைத் துடைக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

அளவைக் கூட்டுவதெல்லாம் ஆஸ்பத்திரியில், அவர் கண் முன்னால்தான். கூட்டிய அளவைக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார வைத்து, நாக்கைப் பார்ப்பார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பார். ஒன்றும் ஆகாவிட்டால் அதே அளவை வீட்டில் தினமும். அதற்காக நான் கேட்ட ஒவ்வொரு லீவுக்கும் கம்பெனியில் பிச்சைக்காரி மாதிரி நின்றேன். ஷிப்மென்ட் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து பையர் வருகிறான் என்பார்கள். "உம் புள்ள கல்லக்கா திங்கறதுக்கெல்லாம் லீவாம்மா?" என்று மேனேஜர் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிச் சிரித்தான். வெளிநாட்டுக் குழந்தைக்குத் தைக்கிற சட்டையில் ஒரு உடைந்த ஊசித்துண்டு இருந்துவிடக் கூடாதென்று மிஷின் வைத்து அலசுவார்கள். தைக்கிறவளின் குழந்தைக்கு மூச்சு நின்றால் அவர்களுக்கு அது சிரிப்பு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டுமென்றும் தோன்றவில்லை. நம் லைன் வீடுகளில் வேறொரு பிள்ளைக்கு உன் நோவு இருந்திருந்தால் இந்த வைத்தியத்தின் பெயர்கூட அவர்கள் காதில் விழுந்திருக்காது.

ஆனால் கண்ணு, அந்த நாட்களை நினைத்தால் கோபத்துக்கு முன்னால் ஒரு சந்தோசம்தான் வருகிறது. கடலை தின்றபின் இரண்டு மணி நேரம் ஓடக் கூடாது, ஆடக் கூடாது, வெந்நீரில் குளிக்கக் கூடாது, படுத்துத் தூங்கவும் கூடாது, பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாரல்லவா? அதற்காகவே சாயங்கால ஓவர்டைம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தையல் லைனிலிருந்து என்னைக் கழற்றிச் செக்கிங்கில் போட்டார்கள். போட்டால் போடட்டும். நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன்.

சும்மா என்றால் சும்மா இல்லை. பிசிறு வெட்ட ஒரு மூட்டை பனியன் எடுத்து வந்திருப்பேன். நீ ஒரு கட்டர், நான் ஒரு கட்டர். நூலை வெட்டிக்கொண்டே பேசுவோம். உன் வகுப்பில் யாருக்கு யார்மேல் கிறுக்கு, கணக்கு டீச்சர் எப்படி மூக்கை உறிஞ்சுவார், நான் உன் வயதில் என்ன படிக்க ஆசைப்பட்டேன், எல்லாம் அந்தப் பாயில்தான் பேசினோம். நடுநடுவே உன் முகத்தைத் திருப்பி உதட்டைப் பார்ப்பேன். "அம்மா, நான் உசுரோடதான் இருக்கேன், நீங்க வெட்டுங்க" என்பாய். அப்பா வந்தால் அவரும் மூட்டையில் கைவிடுவார். அவர் வெட்டினால் துணியும் சேர்ந்து வெட்டுப்படும். நீ அந்தப் பனியனைத் தூக்கிக் காட்டி, "ரிஜெக்ட் பீஸ்" என்று அவரைப் போலவே கத்துவாய். இந்தத் திருப்பூரில் எத்தனை அம்மாக்களுக்குப் பிள்ளையோடு தினமும் அப்படி உட்காரக் கிடைத்தது? உன் நோவு எனக்குக் கொடுத்த நேரம் அது.

ஊசி போடப் பழகியதும் அந்தப் பாயில்தான். மூச்சு இழுத்தால் தொடையில் போடுகிற அட்ரினலின் மருந்து. வெளிநாட்டில் பேனா மாதிரி தயாராக வருமாம். நமக்குக் கிடைத்தது சின்னக் கண்ணாடிக் குப்பியும் சிரிஞ்சும். எவ்வளவு இழுக்க வேண்டுமென்று டாக்டரம்மா சிரிஞ்சில் கோடு போட்டுக் காட்டினார். தையல் மிஷினில் தினமும் ஆயிரம் தடவை ஊசியைத் துணியில் இறக்கியவளுக்குப் பிள்ளையின் தொடை என்றதும் கை வரவில்லை. வீட்டில் ஒரு சாத்துக்குடியை வாங்கி வைத்து, வெறும் தண்ணீரை இழுத்து இழுத்துக் குத்திப் பழகினேன். அப்பாவும் பழகினார். குத்து வாங்கிய சாத்துக்குடியை நீ அலமாரியில் வைத்து அதற்குக் கண்ணும் மூக்கும் வரைந்து, "பேசண்ட் நல்லாருக்காரு" என்று எழுதி ஒட்டினாய்.

இப்போது வள்ளி கும்மிக்கு வருகிறேன். நீ பேச விரும்பாத நாள் அது. ஆனால் அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது.

பிளஸ் ஒன் லீவில் கும்மி கற்றுக்கொள்ளப் போனாய். வைத்தியம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கடலை அளவுக்கு வந்திருந்தாய். கும்மி ஆசிரியரிடம் விசயத்தைச் சொல்லிவிடலாம் என்றேன். உன் அத்தை தடுத்தாள். நாலு ஊர்க்காரர்கள் வருகிற இடம், பெண்ணுக்கு நோவு என்று பேர் ஆகிவிட்டால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்றாள். அப்பாவும் தலையாட்டினார். நானும் விட்டுவிட்டேன். தினமும் பயிற்சி முடிந்து வந்துதானே கடலை தின்கிறாள், ஒன்றும் ஆகாது என்று நினைத்தோம்.

அரங்கேற்றத்தன்று நிகழ்ச்சி முடியத் தாமதமாகும் என்று தெரிந்து, ஒருநாள்கூட விடக் கூடாது என்கிற பொறுப்பில், நீ வேனிலேயே ஒரு பன்னோடு கடலையையும் தின்றுவிட்டாய். விடக் கூடாது என்பது உனக்கு ஞாபகம் இருந்தது. தின்றுவிட்டு ஆடக் கூடாது என்பது அந்தச் சந்தோசத்தில் மறந்துபோனது. உன்மேல் தப்பில்லை. பக்கத்தில் இருந்த யாருக்காவது தெரிந்திருந்தால் ஞாபகப்படுத்தியிருப்பார்கள்.

மைதானத்தில் எல்லோருக்கும் ஒரே நிறச் சேலை. காலில் சலங்கை. உறுமி மேளம் வேகம் எடுக்க எடுக்க நீங்களும் வேகம் எடுத்தீர்கள். நான் கூட்டத்தின் பின்னால் நின்று உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு பக்கம் வட்டம் உடைந்தது. குலவைச் சத்தம் கேட்டது. "ஒரு புள்ளைக்கு சாமி வந்திருச்சுங்" என்று எனக்கு முன்னால் நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன் கண்ணு. கும்பிட்ட பிறகுதான் அந்தப் பிள்ளை நீ என்று தெரிந்தது.

இரண்டு பெண்கள் உன் தோள்களைப் பிடித்து நிமிர்த்தி நிற்க வைத்திருந்தார்கள். முகம் சிவந்து, கண் செருகி, உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. ஒருத்தி உன் நெற்றியில் திருநீறு பூசி, "யாரு சாமி வந்திருக்கறீங்க? வாய் தொறந்து சொல்லுங்க சாமி" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நீ பேச முடியாமல் தொண்டையைத் தடவினாய். சாமி கோபமாக இருக்கிறது, வாக்குச் சொல்ல மாட்டேன் என்கிறது என்று சுற்றி நின்றவர்கள் பயந்தார்கள். மூச்சு முட்டிச் சாகப்போகிற பிள்ளையிடம் ஊரே வரம் கேட்டு நின்றது.

"சாமி இல்லீங்க, கடலைங்க. கீழ படுக்க வைங்க" என்று கத்திக்கொண்டு உள்ளே விழுந்தேன். அபச்சாரமாகப் பேசாதே என்று யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அப்பா மருந்துப் பையோடு வந்துவிட்டார். உன்னைப் படுக்க வைத்து, குப்பியை உடைத்து, கோடுவரை இழுத்து, சேலைக்கு மேலேயே தொடையின் வெளிப்பக்கத்தில் குத்தினேன். இந்தத் தடவை கை வந்தது. அப்பா உன் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மூச்சு கொஞ்சம் திரும்பியது. சரியாகிவிட்டதே, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். ஊசி போட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், அடங்கியது மறுபடி கிளம்பலாம் என்று டாக்டரம்மா சொன்னது காதில் இருந்தது. வேனிலேயே போனோம். படுத்தபடியே போனாய்.

மறுநாள் கும்மி ஆசிரியர் பார்க்க வந்தார். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, திட்டவும் முடியாமல், கண் கலங்கி, ஒன்றே ஒன்று சொன்னார். "முன்னாலயே சொல்லியிருந்தீங்கன்னா நானே ஓரமா உக்கார வச்சிருப்பனுங்களே."

எனக்கு அது செருப்படி. யாருக்குப் பயந்து மறைத்தோமோ அந்த மனிதர் நம்மைவிட நல்ல மனசுக்காரராக இருந்தார். அவர் உட்கார வைத்திருப்பார். வேறு பத்துப் பேர் பின்னால் பேசியிருப்பார்கள், அதுவும் உண்மைதான். பேசட்டுமே. பேச்சால் யாருக்கும் தொண்டை வீங்குவதில்லை.

டாக்டரம்மா அளவைக் குறைத்து, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, மெதுவாக மறுபடி இரண்டு கடலைக்குக் கொண்டுவந்தார். நீ படித்தாய், கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் ஆனாய், அவிநாசிபாளையத்திலிருந்து நல்ல குடும்பம் பெண் கேட்டு வந்தது. இப்போது அத்தை அதே பழைய பாட்டைப் பாடுகிறாள். நீயும் கேட்டுக்கொள்கிறாய்.

கொஞ்சம் யோசித்துப் பார். அந்த வீட்டில் மறைத்துத் தின்றுவிட்டு நீ எங்கே உட்காருவாய்? புதுசாக வந்த மருமகள் சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன பேர் வைப்பார்கள் என்று உனக்கே தெரியும். அந்தப் பேருக்குப் பயந்து எழுந்து பாத்திரம் தேய்ப்பாய், மாடிப்படி ஏறுவாய். சஷ்டி விரதம் என்று மாமியார் சொன்னால், வெறும் வயிற்றில் கடலை ஆகாது என்று எப்படிச் சொல்வாய்? காய்ச்சலடித்தால், வயிறு கெட்டால், மாதவிலக்கு வலிக்கு மாத்திரை போட்டால், அன்றைக்கு அளவை என்ன செய்வதென்று டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும். குளியலறையில் ஒளிந்து நின்றா போன் பேசுவாய்? நாலு நாள் விட்டுப்போனால் பழைய அளவை நீயாக எடுக்கக் கூடாது. விட்ட வேலி விழுந்திருக்கும். பிள்ளை உண்டானால் அன்றைக்கே டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஒருநாள் உனக்கு மூச்சு இழுத்தால், அந்த வீட்டில் யாருக்கு அந்தக் குப்பி எங்கே இருக்கிறதென்று தெரியும்? அங்கேயும் யாராவது திருநீறு எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் திருப்பூரில் ஏதோ ஒரு பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பேன்.

நீ சொன்னால் இந்தக் கல்யாணம் நின்றுபோகலாம். அதை நான் மறைக்கவில்லை. பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது, சொந்தமெல்லாம் சிரிக்கும், அத்தை நம் வீட்டுப்படி மிதிக்க மாட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு பெண்ணின் மூச்சைவிட அவள் வீட்டுப் பேர் பெரியது என்று நினைக்கிறவர்கள் போகட்டும். ஆனால் பிரவீனைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன தடவை வந்தபோது அவன் காபி டம்ளரைத் தானே எடுத்துப்போய்க் கழுவினான். அவன் அம்மா அதைப் பார்த்து முறைக்கவில்லை.

அவனை உன் பக்கத்தில் அந்தப் பாயில் உட்கார வை. கடலையை அவன் முன்னாலேயே தின்னு. எல்லாவற்றையும் சொல்லு, கும்மியையும் சேர்த்து. தினமும் உன் பக்கத்தில் அந்த நேரம் உட்கார வேண்டியவன் இனி அவன்தான். அந்த இடத்தை நான் மனசு வந்துதான் கொடுக்கிறேன். கொடுக்க வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு அவன் எழுந்து போனால், வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வா. நாம் இரண்டு பேரும் பனியன் மூட்டையைப் பிரிப்போம். எழுந்து போகாமல், ஊசியை எங்கே குத்த வேண்டும் என்று கேட்டால், சிரிஞ்சை எடுத்து அவன் கையில் கொடு.

சாத்துக்குடி வாங்கி பிரிட்ஜில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைவரை யாரும் அதை ஜூஸ் போட எடுக்கக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அம்மா